'எல்லாம் நார்மல்' என்ற ரிப்போர்ட்டைத் திரும்பப் படிப்பது எப்படி: டைப் 1 சுகரும் சிறுநீரகமும்

என் தங்கையின் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் கிடந்தன. ஓணத்துக்குச் சேலை எடுத்தபோது வந்த பை. பாதித் தாள்கள் மார்த்தாண்டம் லேப், கொஞ்சம் நாகர்கோவில், மீதி திருவனந்தபுரம். பதினான்கு வயதில் அவளுக்கு டைப் 1 சுகர் வந்தது. அவளுக்கு 33 வயதாகும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைத் தரையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கினேன். சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவான கிரியேட்டினினை மட்டும் பொறுக்கி ஒரு தாளில் எழுதினேன். 28 வயதில் 0.6. 30-இல் 0.7. 32-இல் 0.8. 33-இல் 0.9.

நான்கும் நார்மல். எந்தத் தாளிலும் தடித்த எழுத்தோ நட்சத்திரமோ இல்லை. "எல்லாம் கரெக்டா இருக்குன்னுதானே அண்ணா எல்லாரும் சொன்னாங்க?" என்றாள். சொன்னவர்களில் நானும் ஒருவன். தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கத்தில் ஒரு சின்ன லேபில் இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறவன் நான். ஊரார் ரிப்போர்ட்டையெல்லாம் பிரித்துப் பார்த்தவன், வீட்டுப் பையைக் கொட்டிப் பார்க்க இத்தனை வருடம் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் செய்ததை, செய்யவேண்டிய வரிசையில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் வேலை. எண்ணை ஒழுங்காக எடுப்பதும் ஒழுங்காகப் படிப்பதும்தான் எனக்குத் தெரிந்த வேலை.

படி 1: முதலில் எந்தச் சுகர் என்று உறுதி செய்யுங்கள்

டைப் 1 என்பது உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடும் நோய். அதற்கு ரத்தத்தில் தடயம் இருக்கும். ஜி.ஏ.டி. 65, ஐ.ஏ. 2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 ஆகிய புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள்தான் அந்தத் தடயம். கணையம் இன்னும் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கிறதா என்பதை சி-பெப்டைட் சொல்லும்.

எங்கள் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மெலிந்த தேகம், சின்ன வயது, இன்சுலின் என்றாலே டைப் 1 என்று எழுதிவிடுகிறார்கள். கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் பல்லாண்டுகள் ஆராய்ந்த கணையக் கல் சுகர் என்று ஒன்று இருக்கிறது. கணையத்தில் கல் கட்டி, வயிற்றுவலியோடு இளவயதிலேயே வரும். மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கின் மேல் நெடுநாள் சந்தேகம் இருந்தது, ஆனால் குற்றம் நிரூபணமாகவில்லை. அந்தச் சுகரில் ஆன்டிபாடி பெரும்பாலும் இருக்காது. எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ கல் தெரியும்.

இன்னொரு கூட்டம், முப்பது நாற்பது வயதில் ஆன்டிபாடியோடு மெதுவாக ஆரம்பிக்கும் சுகர்க்காரர்கள். சில காலம் மாத்திரையிலேயே ஓடுவதால் டைப் 2 என்று முத்திரை விழுந்துவிடும். இதையெல்லாம் முதல் படியில் சொல்லக் காரணம், சிறுநீரகப் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்பது இந்த முத்திரையைப் பொறுத்தே இருக்கிறது.

படி 2: நாள்காட்டி

டைப் 1 என்றால் நோய் தெரிந்து 5 வருடம் ஆனதும் ஆரம்பித்து, வருடம் ஒருமுறை. பிள்ளைகளுக்கு, 5 வருடத்தோடு பத்து வயதோ பருவமடைதலோ, எது முந்துகிறதோ அதுவும் வந்திருக்கவேண்டும். டைப் 2 என்றால் தெரிந்த அன்றே. ஏனென்றால் டைப் 1 தடாலடியாக வந்து தேதியைச் சொல்லிவிடும், டைப் 2 எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக ஆரம்பித்தவர்களும் டைப் 2 போலவே முதல் நாளிலிருந்து பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

எண் ஏதாவது ஆடத் தொடங்கிவிட்டால் வருடம் ஒருமுறை போதாது. இரண்டு முதல் நான்கு முறை வரை டாக்டர் கேட்பார்.

படி 3: ரத்தம் கொடுக்கப் போகும் முன்

இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். ரிப்போர்ட்டில் வரும் தவறுகளில் நான் கண்டவை பெரும்பாலும் மெஷினுக்குள் நடந்தவை அல்ல, ரத்தம் அங்கே போய்ச் சேரும் முன்பே நடந்தவை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சமைத்த இறைச்சியிலும் அது உண்டு. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், நல்ல கட்டுமஸ்தான ஆள். முதல் நாள் இரவு பெறோட்டாவும் பீஃபும் ஒரு பிடி பிடித்துவிட்டு, விடியுமுன் தோட்டத்துக்குப் போய் வெட்டி முடித்து, வேர்த்து விறுவிறுக்க வந்து கை நீட்டினார். கிரியேட்டினின் 1.3. ஒரு வாரம் கழித்து, இரவு கஞ்சி குடித்து, வேலைக்குப் போகாமல் வரச் சொன்னேன். 1.1. மனிதர் அதேதான், சிறுநீரகமும் அதேதான். முதல் நாள் இரவு இறைச்சி வேண்டாம், ஒரு நாள் கடும் உழைப்பு வேண்டாம், ஜிம் பவுடர் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

"வெறும் வயித்துல வரணுமா மக்கா, வெள்ளம் குடிக்கலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. கிரியேட்டினினுக்கு வெறும் வயிறு அவசியமே இல்லை. வெள்ளம் (எங்கள் ஊரில் தண்ணீர்) தாராளமாகக் குடிக்கலாம், குடிக்காமல் வறண்டு வந்தால்தான் யூரியா ஏறும். கூடவே ஃபாஸ்டிங் சுகரும் எடுப்பதாக இருந்தால், இன்சுலின் போடுகிறவர்கள் பத்து மணி வரை பட்டினி கிடக்கவேண்டாம். லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள், வரிசையில் நின்றால் "இன்சுலின் போடுகிறவன்" என்று சொல்லி முன்னால் வாருங்கள். பையில் சர்க்கரை இருக்கட்டும்.

சுகர் 350, வாந்தி, கீட்டோன் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) என்று கிடக்கும் நாளில் வந்த கிரியேட்டினினை வைத்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று அழவேண்டாம். பல லேப்களில் இன்னும் 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த வழிதான் ஓடுகிறது. பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்து ஆரஞ்சு நிறமாகும், அந்த நிறத்தை மெஷின் அளக்கும். கீட்டோனும் மிகையான குளுக்கோஸும் அதே நிறத்தைக் கொஞ்சம் தந்து மெஷினை ஏமாற்றிவிடும். டைப் 1-காரர்களுக்கு இது அடிக்கடி நேரும் கோளாறு. என்ஸைம் வழியில் செய்யும் லேப்பில் இந்தத் தொல்லை குறைவு. "உங்க லேபில கிரியேட்டினின் யாஃபே முறையா, என்ஸைம் முறையா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற லேப் வேண்டாம்.

பொட்டாசியம் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நரம்பு தெரியவில்லை என்று கையை மூடித் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். சிரிஞ்சை வேகமாக இழுத்தாலும், ட்யூபைக் குலுக்கினாலும் சிவப்பணு உடைந்து அதிலிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். எல்லையோர ஊர்களில் கலெக்‌ஷன் சென்டர்கள்தான் அதிகம், ரத்தம் வேறு ஊருக்குப் பயணம் போகிறது. பிரிக்காத ரத்தம் பெட்டியில் மணிக்கணக்கில் கிடந்தால் பொட்டாசியம் கூடும், சுகர் குறையும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு கலெக்‌ஷன் சென்டரிலிருந்து 6.2 என்று வந்து, ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்துத் திருவனந்தபுரம் ஓடினார்கள். அங்கே எடுத்தால் 4.4. ஓடியது தப்பில்லை, 6.2 மெய்யாக இருந்தால் இதயம் நின்றுவிடக்கூடிய எண் அது. "இங்கேயே சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டுப் பிரிச்சு அனுப்புவீங்களா?" என்ற ஒரு கேள்வியைக் காலையிலேயே கேட்டிருந்தால் வண்டி வாடகை மிஞ்சியிருக்கும்.

படி 4: கிரியேட்டினினை இ.ஜி.எஃப்.ஆர். ஆக மாற்றுங்கள்

கிரியேட்டினின் தனியாகப் பேசாத எண். வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற மதிப்பீடு கிடைக்கும். அதுதான் இ.ஜி.எஃப்.ஆர். பெரியவர்களுக்கு இப்போது சி.கே.டி-இ.பி.ஐ. 2021 என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். போனில் தேடினால் கால்குலேட்டர் கிடைக்கும்.

என் தங்கையின் எண்களைப் போட்டேன். 28 வயதில் 0.6 என்றால் 125. 30 வயதில் 0.7, அது 119. 32-இல் 0.8, அது 100. 33-இல் 0.9, அது 87.

ஐந்தே வருடத்தில் 38 குறைந்திருக்கிறது. 0.6-க்கும் 0.9-க்கும் நடுவில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். 125-க்கும் 87-க்கும் நடுவில் நடந்தது அப்படியா தோன்றுகிறது? நல்ல சிறுநீரகத்தில் கிரியேட்டினின் ஒரு புள்ளி நகர்வதற்கே இ.ஜி.எஃப்.ஆர். நிறைய இறங்கவேண்டும். கெட்டுப்போன பிறகு கிரியேட்டினின் தாவித் தாவி ஏறும், ஆனால் அப்போது காப்பாற்ற மிச்சம் குறைவு. வயதாவதால் மட்டும் வருடத்துக்கு ஒன்று என்ற அளவில் இறங்கும். வருடத்துக்கு 5-க்கு மேல் தொடர்ந்து இறங்கினால் அதை வேகமான சரிவு என்கிறார்கள்.

90-க்கு மேல் முதல் நிலை. 60 முதல் 89 இரண்டாம் நிலை. 45 முதல் 59, 30 முதல் 44 என்று மூன்றாம் நிலையை இரண்டாகப் பிரிப்பார்கள். 15 முதல் 29 நான்கு, 15-க்குக் கீழே ஐந்து. முதல் இரண்டு நிலைகளில் எண்ணை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது போன்ற வேறொரு சேதாரமும் இருக்கவேண்டும், எல்லாம் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கவும் வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. டைப் 1-இன் ஆரம்ப வருடங்களில் இ.ஜி.எஃப்.ஆர். 130, 140 என்று மேலே நிற்கலாம். சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று பொருளல்ல. மிகைச் சுகரால், வடிகட்டி அழுத்தத்தில் ஓவர்டைம் பார்க்கிறது. தங்கையின் 125-இலும் கொஞ்சம் அந்த ஓவர்டைம் இருந்திருக்கலாம்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு வேண்டாம். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்கவேண்டும். 140 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 0.5 என்றால் சுமார் 116. அதே பிள்ளைக்கு 1.0 வந்தால் 58. ஆனால் பெரியவர்களின் நார்மல் எல்லையை அச்சடித்த தாளில் அந்த 1.0 சாதுவாக உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் ரிப்போர்ட்டில் உயரத்தை நீங்களே பேனாவால் எழுதி வையுங்கள்.

படி 5: இரண்டாவது சாட்சி, சிஸ்டாட்டின் சி

87-ஐப் பார்த்த டாக்டர் சிஸ்டாட்டின் சி எழுதிக் கொடுத்தார். உடலின் கருவுள்ள செல்கள் எல்லாம் சுரக்கும் ஒரு சின்னப் புரதம் இது. தசையைச் சார்ந்ததல்ல என்பதால் மெலிந்தவர்கள், படுத்த படுக்கையானவர்கள், உடற்பயிற்சிக்காரர்கள் ஆகியோருக்குக் கிரியேட்டினினை விட நேர்மையாகப் பேசும். கிடைக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடவே இப்போதைய சிறுநீரக வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. சின்ன லேப்பில் செய்யமாட்டார்கள், பெரிய ஊருக்கு அனுப்பவேண்டும்.

தங்கைக்கு 0.74 வந்தது. அதன் கணக்கில் இ.ஜி.எஃப்.ஆர். 113.

ஒன்று 87 என்கிறது, ஒன்று 113 என்கிறது. "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லை, கிரியேட்டினின்தான் பொய்" என்று அவள் பையை மூடப்போனாள். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். டி.எஸ்.எச். என்ற தைராய்டுப் பரிசோதனை எடுத்தால் 38. தைராய்டு சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது.

இங்கேதான் டைப் 1-இன் தனிக் குணம் வருகிறது. கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்பு சக்தி பலருக்குத் தைராய்டையும் தாக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தால் கிரியேட்டினின் ஏறும், சிஸ்டாட்டின் சி இறங்கும். அதாவது ஒன்று உள்ளதை விட மோசமாகவும், மற்றது உள்ளதை விட நன்றாகவும் காட்டும். சுரப்பு கூடினால் தலைகீழ். ஸ்டீராய்டு சாப்பிட்டாலும், புகை பிடித்தாலும், உடல் பருத்தாலும் சிஸ்டாட்டின் சி ஏறும். இரண்டு சாட்சியும் ஒத்துப்போகவில்லை என்றால், நமக்குப் பிடித்த சாட்சியை வைத்துக்கொள்வதல்ல வழி. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடவேண்டும்.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்து, டி.எஸ்.எச். சரியான பிறகு மறுபடி இரண்டும் எடுத்தோம். அப்போது அவளுக்கு 34. கிரியேட்டினின் 0.8, கணக்கு 99. சிஸ்டாட்டின் சி 0.84, கணக்கு 101. சாட்சிகள் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். 87 அளவுக்கு மோசமில்லை, 113 அளவுக்கு நன்றாகவும் இல்லை.

சிறுநீரக எண் ஆடும்போதெல்லாம் டி.எஸ்.எச். கூடவே எடுங்கள். டைப் 1-காரர்களுக்கு இதை நான் படி ஐந்தில் வைத்தது எழுத்து வசதிக்காக. உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாம்.

படி 6: ரத்தம் சொல்லாததைச் சிறுநீர் சொல்லும்

ரத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இதை விட்டால் வழிகாட்டி பாதிதான். டைப் 1-இல் பலருக்கு, ரத்தத்தில் எண் நகரும் முன்பே சிறுநீரில் ஆல்புமின் கசிய ஆரம்பித்துவிடும். தங்கையின் பையில் சிறுநீர் ரிப்போர்ட் இருந்தது, எல்லாவற்றிலும் "ஆல்புமின்: இல்லை". ஆனால் அவையெல்லாம் பட்டையை நனைத்து நிறம் பார்த்த ரிப்போர்ட்டுகள். ஆரம்பக் கசிவு அந்தப் பட்டைக்குத் தெரியாது. கேட்கவேண்டியது ஏ.சி.ஆர். என்ற ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். எங்கள் கவுண்டரில் மைக்ரோ ஆல்புமின் என்று சொல்வோம்.

ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 ஆரம்பக் கசிவு. அதற்கு மேல் பலத்த கசிவு. காலை முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு நாட்கள், கடும் உழைப்புக்கு மறுநாள், சுகர் எகிறிய நாள் வேண்டாம். ஒரு தடவையில் தீர்ப்பு கிடையாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை எடுத்து இரண்டு கூடுதலாக இருக்கவேண்டும். தங்கைக்கு 112, பிறகு 96. மூன்றாவது தேவைப்படவில்லை.

சிறுநீரில் கசிவு இருந்து, கண்ணில் விழித்திரை சுத்தமாக இருந்தால் டாக்டரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். டைப் 1-இல் இரண்டும் பெரும்பாலும் கூட்டாளிகள். ஒன்று மட்டும் வந்தால் சுகரல்லாத வேறு சிறுநீரக நோயையும் தேடவேண்டும்.

படி 7: கூடவே ஓடும் எண்கள்

யூரியா: வெள்ளம் குறைந்தாலும் ஏறும், மீனும் இறைச்சியும் கூடினாலும் ஏறும். தனியாக நம்பாதீர்கள். ஒரு லேப் "பிளட் யூரியா" என்றும், எல்லைக்கு அப்புறம் இன்னொரு லேப் "பி.யு.என்." என்றும் அச்சடிக்கும். இரண்டும் வேறு, பி.யு.என். என்பது யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும். பி.யு.என்.னை 2.14-ஆல் பெருக்கினால்தான் யூரியா. 14 இருந்தது 30 ஆகிவிட்டது என்று அலறி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ரத்தம்.

பொட்டாசியம்: 3.5 முதல் 5 வரை. சுகர்க்காரர்களுக்குச் சிறுநீரகம் பெரிதாகக் கெடும் முன்பே இது ஏறக்கூடும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் ஏற்றும். இன்சுலின் பற்றாக்குறையாலும் ஏறும். ஏறியவர்களுக்கு ஏத்தன் (நேந்திரம்) பழமும் இளநீரும் எங்கள் ஊர்ப் பகை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். பொட்டாசியம் சரியாக இருப்பவர்கள் இதற்காகப் பழத்தை வெறுக்கவேண்டாம்.

ஹீமோகுளோபின்: சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் குறைந்தால் ரத்தம் குறையும். ஆனால் டைப் 1-இல் கோதுமையின் குளூட்டனால் எதிர்ப்பு சக்தி குடலைத் தாக்கும் சீலியாக் நோயாலும், பி12 உறிஞ்சாத எதிர்ப்பு சக்திக் கோளாறாலும் அதே சோகை வரலாம். எல்லாப் பழியும் சிறுநீரகத்துக்கு இல்லை.

கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), பைகார்பனேட்: இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே போனபின் டாக்டர் கேட்பார். அதற்கு முன் பணத்தைச் செலவழிக்கவேண்டாம்.

யூரிக் அமிலம்: இதைக் குறைத்தால் டைப் 1-காரர்களின் சிறுநீரகம் தப்பிக்கும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. அல்லோபியூரினால் கொடுத்துப் பார்த்த பேர்ல் என்ற ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. யூரிக் அமிலம் இறங்கியது, சிறுநீரகத்துக்குப் பலன் இல்லை. மூட்டு வீங்காதவர் இதற்காக மட்டும் மாத்திரை விழுங்குவதில் பொருளில்லை.

டி.என்.எஃப். ரிசப்டர் 1, 2, கிம்-1 என்று ரத்தத்தில் இன்னும் சில புரதங்களைப் பேசுகிறார்கள். டைப் 1-இல் யாருக்குச் சரிவு வேகமாக இருக்கும் என்பதை வருடக்கணக்கில் முன்னாலேயே அவை காட்டுவதாக அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்து ஆய்வுகள் 2012 முதல் சொல்லிவருகின்றன. சுவாரசியமான விஷயம்தான். நம் ஊர்க் கவுண்டரில் அன்றாடப் பரிசோதனையாக இன்னும் வரவில்லை. பேக்கேஜில் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது விற்றால் ஒதுங்கி நில்லுங்கள்.

படி 8: ஹெச்பிஏ1சி, அதன் பலமும் பொய்யும்

1983 முதல் 1993 வரை டைப் 1 உள்ள 1441 பேரைப் பின்தொடர்ந்த டி.சி.சி.டி. ஆய்வில், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யை 9 அளவிலிருந்து 7 அளவுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஆரம்ப ஆல்புமின் கசிவு 39 சதவீதமும், பலத்த கசிவு 54 சதவீதமும் குறைந்தது. சிறுநீரகத்துக்கான முதல் மருந்து இன்சுலினை ஒழுங்காகப் போடுவதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் சிறுநீரகம் நன்றாகக் கெட்டபின், அதனால் சோகை வந்தபின், எரித்ரோபொயட்டின் ஊசி போட்டபின் இந்த எண் உள்ளதை விடக் குறைத்துக் காட்டும். அப்போது கிளுக்கோமீட்டரையோ சென்சாரையோ நம்புங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், 60 வயது, 35 வருட டைப் 1. "தம்பி, 40 யூனிட்லேருந்து 26-க்கு வந்துட்டேன். சுகர் தாழ்ந்து தாழ்ந்து போகுது, குறைச்சுக்கிட்டே வர்றேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்துவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் போட்ட இன்சுலின் உடலிலேயே தங்கும். தேவை குறைந்தது போலத் தெரியும். "சார், நாளைக்கு ஒரு கிரியேட்டினின் எடுத்திருவோமா?" என்றேன். 2.4. கணக்கில் 30. சாப்பாடோ உழைப்போ மாறாமல் இன்சுலின் தேவை இறங்கினால், அதையும் ஒரு ரிப்போர்ட்டாக எண்ணுங்கள்.

படி 9: மருந்து தொடங்கிய பின்

ஆல்புமின் கசிந்தால் ஏ.சி.இ. வகை அல்லது ஏ.ஆர்.பி. வகை ரத்த அழுத்த மாத்திரை தருவார்கள். டைப் 1-காரர்கள் 409 பேரிடம் ஏ.சி.இ. வகையான கேப்டோபிரிலைச் சோதித்த ஆய்வு 1993-இல் வந்தது. மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற மூன்றையும் சேர்த்த ஆபத்து அதில் பாதியானது. தங்கைக்கு அதே வகை ராமிப்ரில் எழுதும் முன் டாக்டர் முதலில் கேட்டது, இன்னொரு குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா என்று. கர்ப்பத்தில் இந்த மாத்திரைகள் சிசுவைப் பாதிக்கும். மாத்திரை சாப்பிடும் பெண்கள் நாள் தள்ளினால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி எடுக்கவேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், பயப்படவேண்டாம். வடிகட்டியின் அழுத்தம் குறைவதால் வரும் ஏற்றம் அது. நான்கு வாரத்தில் 30 சதவீதம் வரை பொறுக்கலாம். 0.8 இருந்தது 0.9 ஆனதும் தங்கை மாத்திரையைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டாள். திட்டித்தான் எடுக்க வைத்தோம். எட்டு மாதத்தில் ஏ.சி.ஆர். 46-க்கு வந்தது.

சித்தப்பாவின் டைப் 2 சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் கொடுத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதே, எனக்கும் வாங்கிப் போடலாமா என்று கேட்கும் டைப் 1 பிள்ளைகளுக்கு: வேண்டாம். டைப் 1-இல் அந்த வகை மாத்திரை, சுகர் அதிகம் ஏறாமலேயே கீட்டோன் நஞ்சை உண்டாக்கக்கூடும். கிளுக்கோமீட்டர் 180 காட்டும், ஆள் மயங்கிக் கிடப்பார்.

கொழுப்புக்கும் சுகருக்கும் என்று இரும்பன் புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடிப்பதும் எங்கள் பக்கம் உண்டு. மீன்குழம்பில் நாலு காய் போடுவது வேறு. டம்ளர் டம்ளராகச் சாறு குடித்தவர்களுக்கு அதிலுள்ள ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முதுகுவலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்குக் கேடுதான்.

படி 10: எப்போது சிறுநீரக டாக்டர்

இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே, ஏ.சி.ஆர். 300-க்கு மேல் நிலைத்து நின்றால், வருடத்துக்கு 5-க்கு மேல் சரிந்தால், சிறுநீரில் ரத்தம், டைப் 1 வந்து ஐந்து வருடம் ஆகுமுன்பே கசிவு. பொட்டாசியம் 6-க்கு மேல், அல்லது சிறுநீர் நின்றுபோய் மூச்சு வாங்கினால் அது டாக்டர் அப்பாயின்ட்மென்ட் விஷயமே அல்ல, எல்லைக்கு எந்தப் பக்கமானாலும் பக்கத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி.

படி 11: இரண்டு பக்கமும் ஓடுகிறவர்களுக்கு ஒரு நோட்டு

1956-இல் எல்லைக்கோடு மாறி நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டாலும் நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வைத்தியம் பார்க்கப் போவது மாறவில்லை. ஆசாரிப்பள்ளத்திலும் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, அங்கும் போகிறோம். டாக்டர் எங்கே என்பது உங்கள் விருப்பம். லேப் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். 0.1 வித்தியாசத்தை வைத்து இத்தனை பேசுகிறோம், இரண்டு மெஷினுக்கு நடுவிலேயே அந்த 0.1 வந்துவிடும். மாறித்தான் ஆகவேண்டும் என்றால் ஒருமுறை ஒரே நாளில் இரண்டு இடத்திலும் கொடுத்து எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை கேரளப் பக்கத்தில் வசித்தால், அந்த அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் டைப் 1 பிள்ளைகளுக்காக நடத்தும் மிட்டாயி திட்டத்தைப் பற்றி அங்குள்ள மெடிக்கல் காலேஜில் விசாரியுங்கள்.

தங்கைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு வருடம். தேதி, எந்த லேப், கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர்., பொட்டாசியம், டி.எஸ்.எச்., ஹெச்பிஏ1சி, ரத்த அழுத்தம், ஒரு நாளைக்கு மொத்த இன்சுலின். கடைசிக் கட்டம் அகலமானது: அன்று காய்ச்சலா, என்ன மாத்திரை, முதல் நாள் ராத்திரி என்ன சாப்பாடு. அந்தக் கட்டத்தில் ஒரு தடவை "கொழுக்கட்டை, மீன், சண்டை" என்று எழுதியிருந்தாள்.

அடுத்த தேதி ஜூன் முதல் வாரம். ரத்தம் எடுக்க நான் வேண்டாமாம். அண்ணன் குத்தினால் வலிக்கும் என்கிறாள்.